சீர் வண்டியில் ஏற்றிய ஆல்பம்

என்ன பாட்டு கேட்பாய் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் மழுப்புவேன். இப்போது மழுப்புவதில்லை. ஆமாம், எனக்கு இண்டி ராக் பிடிக்கும். எலக்ட்ரானிக் பிடிக்கும். எங்கோ ஒரு குளிர் நாட்டில் இரண்டு பேர் வாடகை அறையில் உட்கார்ந்து உருவாக்கிய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றையும் தாண்டாமல் கேட்பேன். எனக்கு ஆலத்தியூரில் சிமென்ட் ஆலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒரு ஆல்பம், வரும்போது ஒரு ஆல்பம். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர் என் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பிளான்ட்ல கேக்குற மெஷின் சத்தம் பத்தலயா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். "இதெல்லாம் நம்ம பாட்டா?" என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டார். பெரம்பலூர்ப் பக்கம் காடு முழுக்க மக்காச்சோளம் போட்டிருக்கிறோமே, அது மட்டும் நம் பாட்டன் கண்டுபிடித்ததா என்று திருப்பிக் கேட்டேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல, அக்காவுக்கும்தான். படிக்கிற காலத்தில் அவள் பெரம்பலூரில் கல்லூரி, நான் அங்கேயே பாலிடெக்னிக். அரியலூரிலிருந்து இருவருக்கும் ஒரே பஸ். இயர்போனும் ஒன்றுதான், வலது காது அவளுக்கு, இடது எனக்கு. ஒரு ஆல்பத்தின் முதல் பாட்டு என்றால் அவளுக்கு உயிர். வெறும் உறுமலாகத் தொடங்கும். மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே போகும். இனித் தாங்காது என்கிற இடத்தில் டிரம்ஸ் விழும். அந்த இடம் வந்ததும் அக்கா என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைப்பாள். ஒவ்வொரு தடவையும் வைப்பாள்.

அவளை எறையூரில் கட்டிக்கொடுத்த பிறகு எல்லாம் நின்றது. ஒருமுறை அடுப்படியில் அந்தப் பாட்டைப் போனில் போட்டாளாம். "மோட்டார்ல தண்ணி ஏறலயா? என்ன சத்தம் அது?" என்று மாமியார் ஓடி வந்தாராம். விஷயம் தெரிந்ததும் ஒரு வாரம் அந்த வீட்டில் அவள்தான் கேலிப்பொருள். அதற்குப் பிறகு அவள் போடவே இல்லை. என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்படியிருக்கும்போது அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. நான்தான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் மாமன் சீர், ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலிலிருந்து தட்டுவரிசையோடும் மைக்செட்டோடும் நடந்து வர வேண்டும். பந்தல் வாசலில் குழந்தையின் தாய் ஆரத்தி சுற்றிய பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கலாம். வழிநெடுக என்ன பாட்டு என்பது மாமன் இஷ்டம். மாமன் பெருமை பாடும் சினிமாப் பாட்டுகளைத்தான் எல்லோரும் போடுவார்கள். நான் அந்த ஆல்பத்தைப் பென்டிரைவில் ஏற்றினேன்.

அம்மா கெஞ்சினாள். "சம்பந்தி வூட்ல சிரிப்பா சிரிப்பாங்கடா. உன் கூத்தெல்லாம் உன்னோட வச்சுக்க. அவ அங்க வாழணும்ல?"

அதுதான் எனக்கும் பயம். என் மானம் போனால் போகட்டும், பேச்சு வாங்கப்போவது அவள். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆசைப்பட்டதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாயிலிருந்து வேறென்ன வரும்?

குட்டியானை வண்டி முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். மைக்செட் அண்ணன் பாட்டைப் போட்டார். உறுமல் எழுந்தது. சீர் நாலு எட்டு நகர்வதற்குள் நின்றும் போனது. திரும்பிப் பார்த்தால் அவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எர்த் சரியில்ல தம்பி, ஹம்மிங் அடிக்குது. செத்த இருங்க."

"அது எர்த் இல்லண்ணே. பாட்டு."

"இதுவா?"

"இதுதான்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். மனசு கேட்காமல் அவர் கை மறுபடியும் ஒயருக்குப் போனது. நான் வண்டியிலேயே ஏறிவிட்டேன். கழுத்தில் மாலையோடு ஒரு தாய்மாமன் ஸ்பீக்கருக்குக் காவல் நின்றதை எறையூர் அன்றுதான் பார்த்திருக்கும். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். ஆல்பம் அதுபாட்டுக்கு ஓடியது.

பந்தல் வாசலை நெருங்கும்போது நாலாவது பாட்டு. ஓடும் ஆல்பத்தைக் குறுக்கே வெட்டுவது என்னைப் பொறுத்தவரை பாவம். அன்று வெட்டினேன். முதல் பாட்டை மறுபடி போடச் சொன்னேன். அது அவளுக்கு.

அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா கையை வீசிக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, நல்ல பாட்டே கெடைக்கலயா? சீருன்னா ஒரு மரியாத வேண்டாம்?"

"மாமன் சீருங்க. மாமன் போடுற பாட்டுதான்," என்றேன். குரல் கெட்டியாகத்தான் வந்தது. வண்டியிலிருந்து இறங்கி வாசலில் போய் நின்றேன்.

அக்கா ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபமோ, அழப்போகிறாளோ. பக்கத்தில் மாமியார். "சீக்கிரம் சுத்திட்டு உள்ள கூப்புடு. மொதல்ல அந்தக் கண்றாவிய நிறுத்தச் சொல்லு."

அக்கா தட்டை அசைக்கவில்லை. ஆரத்தி சுற்றாமல் சீர் நுழைய முடியாது. அத்தனை பேரும் தட்டுகளைச் சுமந்தபடி வெயிலில் நின்றார்கள். உறுமல் கனத்துக்கொண்டே போனது.

"சுத்துடி!"

"இருங்கத்த," என்றாள் அக்கா, ஊருக்கே கேட்கும்படி. "இன்னும் டிரம்ஸ் வரல."

டிரம்ஸ் விழுந்தது. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் அவளால் என்னை அடிக்க முடியவில்லை. காலை ஓங்கித் தரையில் மிதித்தாள். ஆரத்தித் தண்ணீர் தளும்பி அவள் பட்டுப்புடவையில் சிவப்பாகக் கொட்டியது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.