இரண்டாவது டம்ளர் சூப்பும் ஒரு மைனஸும்

எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் சூப்பு கொதித்தால், எனக்கு எங்கேயோ எலும்பு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். உடைத்தவனே மறுநாள் காலையில் கோவளம் போய்க் கால் வாங்கி வருவான். மாமியார் மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார். "குடிம்மா, எலும்புக்கு நல்லது" என்று டம்ளரை நீட்டும்போது அப்படி ஒரு பாசம் வழியும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குக் குமட்டும்.

அவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. என் புருஷன்தான். மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டினான். நாங்கள் திருவிடந்தையில் குடியிருந்தோம். சவாரிக்கு ஏறுகிறவர்களிடம் அவனைப்போல் மரியாதையாகப் பேச ஆள் கிடையாது. அந்த மரியாதையெல்லாம் வாசற்படியோடு சரி. குழம்பில் உப்பு கூடினாலும் அடிப்பான், சவாரி கிடைக்காவிட்டாலும் அடிப்பான். முதலில் விலா எலும்பு போனது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே தெரு முழுக்கச் சொன்னான். அப்புறம் விரல். அது கதவில் நசுங்கியதாம்.

எங்கள் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து, படுத்த படுக்கையாகவே போய்ச் சேர்ந்தவள். அதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அவளுக்கு அவ அம்மா எலும்பு மச்சான். தொட்டா உடையுது. நான் இன்னா பண்றது?" என்று என் அண்ணனிடம் முறையிட்டான். அண்ணன் செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்தில் பயிர் வைப்பவன். அதை அப்படியே நம்பினான். அடிக்கிறான் என்று நான் வாய்விட்டுச் சொன்னபோதும், "எல்லா வூட்லயும் ரெண்டு அடி விழத்தான் செய்யும். உனக்கு எலும்பு வீக்கு, அதான் உடையுது" என்றான். அண்ணன் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் கொடுமை.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. "அம்மா மேல ஏறாத, உடைஞ்சிடுவா" என்று சொல்லியே அவளை வளர்த்தார்கள். அதனால் அவள் மடிக்கே வரமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவன் புதிதாக வாங்கிய செல்போனை மகள் கீழே போட்டுவிட்டாள். அவள் கையைப் பிடித்து முறுக்கினான். குழந்தை வீறிட்டது. நான் நடுவில் பாய்ந்து அவன் கையைக் கடித்தேன். கதவோரம் கிடந்த வேன் ஜாக்கியின் இரும்பு ராடை எடுத்து என் மண்டையைப் பார்த்து ஓங்கினான். கையைத் தூக்கினேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

என் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் ஆட்டுக்கால் வந்தது. குழந்தையின் மணிக்கட்டும் வீங்கியிருந்தது. மாமியார் இந்த முறை இரண்டு டம்ளர்களில் ஊற்றினார். "இதுக்கும் அம்மா எலும்புதான் போலகீது" என்றான் அவன்.

இரண்டாவது டம்ளரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குழந்தைக்கும் சாக்கு தயாராகிவிட்டது. இனி அவளையும் உடைக்கலாம், ஊரும் நம்பும். இரண்டு டம்ளரையும் சுவரில் வீசினேன். என்னைப் பார்க்க வந்திருந்த அண்ணன் எதிரிலேயே, "என் எலும்ப டெஸ்ட் பண்ணு. வீக்குன்னு வந்தா இனிமே வாயே தொறக்க மாட்டேன்" என்று கத்தினேன். அவன் சிரித்தான். "ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் மச்சான்" என்று அவனே வேனில் எங்களைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

மேசையில் படுக்கவைத்தார்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் மெஷினின் கை என் இடுப்புக்கும் முதுகுக்கும் மேலே மெதுவாக நகர்ந்தது. வலி இல்லை, பயம்தான். அது வீக்கு என்று சொல்லிவிட்டால் என் மகள் தொலைந்தாள்.

ரிப்போர்ட்டை முதலில் பிடுங்கியது அவன்தான். "மைனஸ் பாயிண்ட் ஆறு! மைனஸ்னு போட்டுகீது பாரு மச்சான், நான் சொல்லல?" என்று அண்ணனிடம் நீட்டினான்.

எலும்பு டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். "இது இவங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்ட கணக்கு. பூஜ்யம்னா சராசரி. பாதிப் பேர் அதுக்குக் கீழதான் இருப்பாங்க. மைனஸ் ரெண்டுக்குக் கீழ போனாதான் கவலை. இது நல்ல எலும்பு" என்றார்.

அவன் விடவில்லை. "அடர்த்தி கீது சார், குவாலிட்டி மட்டமா இருந்தா?"

"நல்ல கேள்வி. இந்த ஸ்கேன் தரத்தை முழுசாச் சொல்லாது. அதான் ரத்தமும் பாத்தோம். அதுலயும் குறை இல்ல" என்ற டாக்டர், என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு மட்டமா இருந்து விழுந்தா, பெரும்பாலும் மணிக்கட்டு போகும், முதுகு போகும், இடுப்பு போகும். இவங்களுக்கு முன்கையோட நடுவுல உடைஞ்சிருக்கு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. விழறவங்க உள்ளங்கைய ஊனுவாங்க. தலைக்கு வர்ற அடியத் தடுக்கறவங்கதான் கைய இப்படித் தூக்குவாங்க." தன் கையை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். குழந்தைக்கு வெறும் வீக்கம்தான், முறிவு இல்லை என்றும் சொன்னார்.

அண்ணன் தன் கையையும் அதேபோலத் தூக்கினான். தூக்கிய கையை அவன் இறக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக நான் வாயால் சொன்னதை அப்போதுதான் அவன் கேட்டான். எனக்கு அவன்மேல் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வராந்தாவுக்கு வந்ததும் என் புருஷன் குழந்தையின் வீங்கிய கையையே பிடித்து இழுத்தான். "வாடி, வூட்டுக்குப் போலாம்." அவள் அலறினாள். மாவுக்கட்டோடு கையை வீசினேன். கட்டு அவன் மூக்கில் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு வலி உச்சந்தலைக்கு ஏறியது, ஆனாலும் மனசு நிறைந்தது. திருப்பி அடிக்க ஓங்கியவனின் சட்டைக் காலரை அண்ணன் பிடித்து, அவனைச் சுவரில் மோதவிட்டான். மூக்கைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவனிடம், "வூட்டுக்குப் போய் சூப்பு குடி" என்றேன்.

அண்ணனின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஓர் இடம்தான் கிடைத்தது. நான் உட்கார்ந்தேன். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் குலுங்கக் குலுங்க அவளும் தடுமாறினாள்.

"மடியில உக்காரவா? உடைஞ்சிட மாட்டியே?" என்று கேட்டாள்.

"உடைய மாட்டேன். ஏறு."

முதலில் கால் விரல்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதி கனத்தை மட்டும் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதன் பிறகுதான் காலைத் தூக்கினாள். நல்ல கனம். தொடை மரத்துப்போயும் ஊர் வரும் வரை நான் அவளை இறக்கிவிடவில்லை.