சின்ன ஆபரேஷன் என்று நான் சொன்னது

செல்வராஜை மறுபடியும் ஸ்ட்ரெச்சரில் பார்த்தபோது ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. சிறுநீர்க் குழாய் போட்டதும் பை முழுக்க ரத்தம். பி.பி. இறங்கிக்கொண்டே இருந்தது. டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் யூராலஜி தியேட்டரில் நான் அப்போது இன்சார்ஜ் சிஸ்டர்.

செல்வராஜ் விழுப்புரத்துக்காரர். கிட்வாய் நகர்ப் பக்கம் கட்டட வேலை. வலது சிறுநீரகம் கல் அடைத்துச் சுருங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. உருப்படியாக இருந்த இடது சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவு கட்டி. கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்ற வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் செய்யலாம் என்று முடிவானது. அதன் நன்மைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்: ரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, சீழ் பிடிப்பது குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். எல்லாம் உண்மை. விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்தவர்கள் இருமக்கூடப் பயப்படுவதை வருஷக்கணக்கில் பார்த்தவள் நான்.

சர்ஜனுக்குத் தமிழ் தெரியாது. கன்சென்ட் ஃபாரத்தை என் கையில் திணித்து, "சிஸ்டர், ஆப் சம்ஜா தோ. ஜல்தி," என்று சீக்கிரம் விளக்கிவிடச் சொல்லி நடந்துவிட்டார்.

செல்வராஜின் மனைவி பச்சையம்மா கேட்டாள்: "பெரிய ஆபரேஷனா சிஸ்டர்?"

"பயப்படாதீங்க. நாலு ஓட்டை. சின்ன ஆபரேஷன்தான்."

தியேட்டரில் இருக்கும் ஒவ்வொரு கிளாம்புக்கும் பெயர் தெரிந்தவள் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது என்று கார்டில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. படிக்கத் தெரியாதவருக்குக் கொடுக்க மிகத் தெளிவான எழுத்து. விதிப்படி என் வேலை தியேட்டர் கதவோடு முடிந்துவிடும். நான் வார்டுக்குப் போகவில்லை.

எமர்ஜென்சி வாசலில் பச்சையம்மா சொன்னாள்: "மேஸ்திரி சட்டையத் தூக்கிப் பாத்தாரு சிஸ்டர். 'இத்தினியூண்டு ஓட்டைக்கு இன்னாய்யா ரெஸ்ட்டு? எலி கடிச்சாக்கூட இதவிடப் பெருசா இருக்கும்'னு சிரிச்சாரு. சின்ன ஆபரேஷன்தானேன்னு இவரும் சிமெண்ட் மூட்டை தூக்கப் போயிட்டாரு."

உள்ளே தைத்த இடத்தில் ரத்தக்குழாய் விட்டுப்போயிருந்தது. மூட்டை தூக்காவிட்டாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று சர்ஜன் எனக்கு ஆறுதல் சொன்னார். அதுவும் உண்மைதான்.

இரண்டாவது ஃபாரத்தை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். வயிற்றைத் திறப்போம், சிறுநீரகம் போகும், உயிரும் போகலாம். பச்சையம்மா கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"இந்தப் பெரிய வெட்ட அப்பவே வெட்டியிருந்தா, மேஸ்திரி நம்பியிருப்பாரு இல்ல சிஸ்டர்?"

மை காய்வதற்குள் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு தியேட்டருக்குள் போனேன். செல்வராஜ் பிழைத்தார், வாரம் மூன்று டயாலிசிஸோடு.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, ஓட்டையின் அளவைக் கடைசியில்தான் சொன்னேன். உள்ளே எவ்வளவு வெட்டுகிறோம் என்பதை முதலில் கை விரித்துக் காட்டுவேன். சிலர் பயந்து, ஆபரேஷனே வேண்டாமென்று எழுந்து போனார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.