மஞ்சள் தொட்ட வாள்முனை

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் வியாழக்கிழமைப் பின்னேரங்களில், ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் பழைய பிரெஞ்சு வாள்வீச்சு பழகுகிறோம். ஒன்பது பேர். எங்களில் ஏழு பேர் ஓய்வூதியக்காரர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கனவான்கள் இடுப்பில் தொங்கவிட்ட சிறுவாள் இது. மூன்று பட்டை கொண்ட அலகு. வெட்டாது, குத்த மட்டுமே செய்யும். எங்களுடையவை மழுங்கிய நகல்கள், முனையில் தோல் குமிழ் கட்டியவை. என் வாள் நானூற்றுப் பத்துக் கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

இங்கே நடுவர் கிடையாது. குத்து யார்மேல் பட்டதோ அவரே இடக்கையை உயர்த்தி, பட்டது என்று சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கு பிடித்துத்தான் சேர்ந்தேன். அதைத்தான் எங்களில் ஒருவர் மிதித்தார்.

அவர் இக்காஸ்ட் ஊரின் துணி ஆலையில் வேலை செய்து ஓய்ந்தபின் மகளோடு இருக்க இங்கே வந்தவர். மண்டபத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு தமிழர் இல்லை. பதினான்கு வாரங்களில் என் குத்து அவர்மேல் இருபத்து மூன்று முறை பட்டது. ஒருமுறைகூடக் கை உயரவில்லை. அவருடையது என்மேல் பட்டது ஒன்பது. ஒன்பதுக்கும் நான் உயர்த்தினேன்.

"படேல்லை மாஸ்டர். காத்துத்தான் வந்தது" என்பார். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த என்னிடம்.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். கோயிலில் அன்னதானப் பந்தியில் இருந்துகொண்டு, "மாஸ்டரின்ரை வாள் இன்னும் என்ரை சட்டையைக் காணேல்லை" என்றார். பதினொரு பேர் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளையும் சேர்த்துத்தான் பதினொன்று.

அடுத்த வியாழன் மத்தியானம் இரண்டு கரண்டி மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து வாள்முனைக் குமிழில் ஊற விட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, வாளுக்கும் தாளிக்கிறியளோ?"

நான் குமிழில் இன்னொரு விரல் மஞ்சளைத் தடவினேன்.

பின்னேரம் மண்டபத்தில் அவரோடு மோதினேன். அவர் எப்போதும் வலப்பக்கம்தான் தடுப்பார். தடுக்க வந்ததும் முனையை அவருடைய வாளின் கைக்காப்புக்குக் கீழே சிறு வட்டமாகச் சுழற்றி மறுபக்கம் எடுத்தேன். முதலில் கை நீண்டது, பிறகுதான் கால் வைத்தேன். நெஞ்சில் பட்டது. "காத்து" என்றார். முகமூடியின் தாடைத்துணி மறைப்பதால் தன் நெஞ்சு தனக்குத் தெரியாது. அன்று ஆறு குத்து. ஆறுக்கும் காத்து.

முகமூடிகளைக் கழற்றினோம். பழக்குநர் ஒரு டேனிஷ் பெண். அவர் என் எதிராளியின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலும் தோளிலும் இருந்த மஞ்சள் பொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு ஆறுவரை எண்ணினார். மத்தியானம் கறி சாப்பிட்டபோது சிந்திவிட்டது என்று எதிராளி டேனிஷில் சமாளித்தார்.

"நீர் தோளாலையோ சாப்பிடுறனீர்?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று வீடு வரும்வரை பேருந்தில் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அவருடைய மகள் நான்கு முறை துவைத்தும் கறை போகவில்லை என்று கேள்விப்பட்டபோது இரண்டு கோப்பை தேநீர் கூடுதலாகக் குடித்தேன்.

அதற்கடுத்த வியாழன் அவர் அந்தக் கறைச் சட்டையோடே வந்தார். நான் முதல் குத்தை நீட்டினேன். அது அவர் நெஞ்சை எட்டாமல் ஒரு சாண் முன்பே நின்றது. அவருடைய இடக்கை உயர்ந்தது.

"பட்டது மாஸ்டர்."

"படேல்லை" என்றேன்.

"ஐயோ, நல்லாப் பட்டது. நெஞ்சு நோகுது."

பழக்குநர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். இரண்டாவது குத்தை நான் வேண்டுமென்றே தரையை நோக்கித் தாழ்த்தினேன். அதற்கும் கை உயர்ந்தது. அன்று ஏழு முறை உயர்த்தினார். ஏழில் ஒன்றும் படவில்லை. உண்மையாகவே பட்ட எட்டாவதுக்கு, முகமூடிக்குள் இருந்து மெல்லச் சொன்னார்:

"காத்து."