டோலியில் ஏறிய எஸ்நாட்டி

எஸ்நாட்டிக்கு ஆண்டவர் கொடுத்த வரம் இரண்டு. ஒன்று, எண்ணெயில் போட்டதும் உப்பி வரும் மந்தாசிப் பணியாரம் சுடுகிற கை. இன்னொன்று, யாரைப் பார்த்தாலும் அவரைப் போலவே பேசிக் காட்டுகிற வாய். கை அவளுக்குக் கஞ்சி ஊற்றியது. வாய் பேர் வாங்கித் தந்தது. ஷிரே ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் ஏரோது ராஜா அவள்தான். மூக்கால் பேசும் போதகரை அவர் முன்னாலேயே பேசிக் காட்டி, அவரையும் சிரிக்க வைத்தவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் பிழைத்துக்கொண்டாள். எப்படிப் பிழைத்தாள் என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

முந்தைய பெருவெள்ளத்தில் எங்கள் சபை நடந்துகொண்ட விதத்தை இன்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் ஏறியதும் மூப்பர்கள் முதலில் தூக்கி ஓடியது ஆற்றோரம் இருந்த பழைய கோவிலின் பிரசங்க மேடையில் இருந்த பெரிய பைபிளை. அவர்கள் ஓடிய வழியில்தான் மலித்தாவின் வீடு. மலித்தாவுக்குக் கண் தெரியாது, முழங்காலும் சரியில்லை, நாக்கு மட்டும் நன்றாக இருந்தது. "அடேய், பைபிளை விட்டாலும் விடுங்க, என்னை விட்டுட்டுப் போகாதீங்கடா!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் இரண்டு பேர் திரும்பி வந்து அவளைத் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு போதகர் ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும், ஜெபம் மட்டும் போதாது என்றார். மாமரத்தில் ஒரு பழைய லாரிச் சக்கர வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதை நிறுத்தாமல் அடித்தால் எல்லாரும் அந்த வெள்ளத்துக்குப் பிறகு மேட்டில் கட்டிய புதுக் கோவிலுக்கு ஓடி வர வேண்டும். கோவில் பரணில் மக்காச்சோள மூட்டைகள் ஏறின. யார் பானை கொண்டுவருவது, யார் ஆடுகளை ஓட்டிவருவது, நடக்க முடியாத யாரை யார் தூக்குவது என்பதெல்லாம் பேசி வைத்தாயிற்று. மலித்தாவைத் தூக்க சைக்கிள் டாக்சி ஓட்டும் வைசனும் கருவாடு விற்கும் ஜைலோசியும். இரண்டு மூங்கிலில் சாக்கைத் தைத்து டோலி ஒன்றும் தயாரானது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஒத்திகை.

முதல் ஒத்திகையில் மலித்தாவையே தூக்கினார்கள். வழியெல்லாம் திட்டு. "ஆத்துல குளிக்கக்கூடத் தண்ணியில்ல, எதுக்குடா என்னைப் பொணம் மாதிரி தூக்கிட்டுத் திரியிறீங்க?" அடுத்த ஆண்டு, பாவம் அவளை வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம் என்று மாதர் சங்கத்தில் யாரோ சொல்ல, அவளுக்குப் பதிலாக எஸ்நாட்டி படுத்தாள். மலித்தாவின் வீடு சரிவில் இருந்தது. எஸ்நாட்டியின் வீடு அதற்கு மேலே, ஒரு நாணல் வேலி தள்ளி. வேடிக்கை பார்க்க நிழலும் இருந்ததால் டோலி எஸ்நாட்டி முற்றத்திலிருந்தே புறப்பட்டது. அவள் கண்ணைச் செருகிக்கொண்டு, மலித்தாவின் கரகரத்த குரலில், "பைபிளை விட்டாலும் விடுங்க!" என்று கத்தியதும் சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தூக்கியவர்கள் சிரித்துச் சிரித்து டோலியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மலித்தாவைத் தூக்குவது என்றால் எஸ்நாட்டியைத் தூக்குவது என்றாகிவிட்டது. வெளியூர்ச் சபைகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். மலித்தா தன் வாசலில் வேர்க்கடலை உரித்தபடி, மேலிருந்து வரும் சக்கரச் சத்தத்தையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருப்பாள். "என்னம்மா சத்தம்?" என்று கேட்டால், "நீங்க உக்காருங்க பெரியம்மா, சும்மா விளையாட்டு" என்பார்கள்.

பிறகு ஓர் ஆண்டு மழை விடாமல் அடித்தது. ஒரு பிற்பகல், மேலே எங்கோ கரை உடைந்து, சேற்று நிறத்தில் தண்ணீர் சோளக்காட்டுக்குள் புகுந்தது. சக்கரம் அடித்தது. எஸ்நாட்டி மாவு மூட்டையை விட்டத்தில் ஏற்றிவிட்டு முற்றத்தில் இறங்கினாள். சேறு வாரிவிட்டது. கணுக்கால் மடங்கி விழுந்தாள். எழுந்தால் நிற்க முடியவில்லை. தண்ணீர் முற்றத்தைத் தொட்டிருந்தது. அவள் கனத்த உடம்புக்காரி, நீச்சலும் தெரியாது. வெள்ளத்தோடு முதலையும் வரும் என்பது கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

அப்போது வைசனும் ஜைலோசியும் டோலியோடு ஓடிவந்தார்கள். ஒத்திகையில் வந்து பழகிய அதே முற்றத்துக்கு. கால்தான் அவர்களைக் கொண்டுவந்தது, புத்தி எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது. விழுந்து கிடப்பவளைப் பார்த்ததும் அந்தப் புத்தியும் வழியிலேயே நின்றுவிட்டது.

"ஏறுங்கக்கா, ஏறுங்க!"

பெரியம்மாவைத் தூக்கிட்டீங்களா என்று கேட்க வாய் வரை வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால்? இருப்பது ஒரே டோலி. கேள்வியை விழுங்கிவிட்டு எஸ்நாட்டி ஏறிப் படுத்தாள். மழைக்காக அவள் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடி, முன்னால் வைசனும் பின்னால் ஜைலோசியுமாகத் தூக்கினார்கள்.

முற்றத்தைத் தாண்டவில்லை, மழை இரைச்சலுக்கு நடுவே அந்தக் கரகரத்த குரல் கேட்டது. "அடேய், என்னை விட்டுட்டுப் போகாதீங்கடா!"

ஜைலோசி மூச்சிரைக்கச் சிரித்தான். "ஐயோ அக்கா, இந்த நேரத்துலயுமா? கை நழுவிடப்போகுது, சும்மா வாங்க!"

விரிப்புக்கு அடியில் எஸ்நாட்டியின் வாய் இறுக மூடியிருந்தது. அவள் கத்தவில்லை. அது அவள் குரலே இல்லை. குரல் மறுபடியும் வந்தது, இன்னும் நீளமாக, இன்னும் தூரத்திலிருந்து. "நான் இல்லடா" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். ஊரில் இருக்கிற எல்லார் குரலிலும் பேசத் தெரிந்தவளுக்குத் தன் குரலில் அந்த இரண்டு சொல் வரவில்லை. சொன்னால் இறக்கிவிடுவார்கள். கோவில் படியை மிதித்ததும் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உயிர் வெல்லக்கட்டி அல்லவா!

கோவில் வாசலில் போதகர் நனைந்துகொண்டே ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். வைசன் ஒத்திகையில் சொல்வதைப் போலவே உரக்கச் சொன்னான்: "கண்ணு தெரியாதவங்க வந்தாச்சு!" போதகர் விரிப்பை விலக்கினார். எஸ்நாட்டி அவரைப் பார்த்து விழித்தாள்.

"மலித்தாம்மா எங்க?"

வைசன் ஜைலோசியைப் பார்த்தான், ஜைலோசி டோலியைப் பார்த்தான்.

"வீட்டுல இருக்காங்க" என்றாள் எஸ்நாட்டி. அதை மட்டும்தான் சொன்னாள்.

இருவரும் மீனவர் ஒருவரின் மரத்தோணியில் ஏறிப் போனார்கள். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். எஸ்நாட்டி உதட்டை மட்டும் அசைத்தாள். செத்திருந்தால் நான்தான் கொன்றேன், செத்திருந்தால் நான்தான் கொன்றேன் என்று பாட்டின் தாளத்துக்கே மனம் அடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் தோணி திரும்பியது. கட்டில்மேல் ஏறி நின்று, கூரைக் கழியைக் கட்டிப் பிடித்தபடி மார்பளவுத் தண்ணீரில் நின்ற மலித்தாவைக் கொண்டுவந்துவிட்டார்கள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் உயிர் இருந்தது. எஸ்நாட்டி தன் இடுப்பில் சுற்றியிருந்த சித்தென்ஜே துணியை அவிழ்த்து அவளுக்குப் போர்த்தினாள். அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். மலித்தா கையை உருவிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தது. வைசன் சைக்கிளில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னான். "உசுரு போற நேரத்துலயும் எஸ்நாட்டி அக்கா விடலையே! பெரியம்மா மாதிரியே கத்துறாங்க, டோலிக்குள்ளயிருந்து!" கேட்டவர்கள் மந்தாசி வாங்க வரும்போது, "அக்கா, நீங்க பெரிய ஆளு!" என்றார்கள். அவளும் சிரித்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு அந்தக் குறுகுறுப்போடு சிரிக்கவும் வேண்டியிருந்தது. மந்தாசி கருகிப்போக ஆரம்பித்தது.

மலித்தாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எஸ்நாட்டி காலையில் கஞ்சியும் மாலையில் களியும் கொண்டுபோனாள். மலித்தா வாங்கிச் சாப்பிட்டாள், பேசவில்லை. ஒருநாள் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சர்க்கரை ஜாஸ்தி போடுற. எதுக்குடி?"

"இருமலுக்கு நல்லதுன்னு, பெரியம்மா."

"இருமலுக்கா?" என்று சிரித்தாள் மலித்தா. "முதல்ல சக்கரம் அடிச்சப்ப, வருஷா வருஷம் விளையாடுறாங்களே அதுதான்னு உக்காந்திருந்தேன். தண்ணி காலைத் தொட்டப்புறம்தான் கத்தினேன். அந்தக் கருவாட்டுக்காரன் உன்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நீ என்ன பதில் சொல்றேன்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்."

எஸ்நாட்டி மண் தரையில் உட்கார்ந்தாள். "பெரியம்மா, பயந்துட்டேன். என்னை இறக்கிவிட்டுடுவாங்களோன்னு..."

"நல்லா நடிப்பேன்னு ஊரே சொல்லும். வாயைத் திறக்காம நடிக்கிறதும் உனக்கு வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"மன்னிச்சிருங்க பெரியம்மா. யார்கிட்டயும்..."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது உன் வாயில இருக்கு. நாளைக்குக் கஞ்சியில உப்புப் போட்டுக் கொண்டா."

அவள் திட்டி ஊரைக் கூட்டியிருந்தால் எஸ்நாட்டிக்கு ஆறியிருக்கும்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒத்திகை வந்தது. இந்த முறை மலித்தாவையே தூக்க வேண்டும், அதுவும் அவள் வாசலிலிருந்தே என்று போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சக்கரம் அடித்தது. சபை முழுவதும் சரிவில் இறங்கி வந்து நின்றது. வைசனும் ஜைலோசியும் டோலியை இறக்கினார்கள். மலித்தா கையால் தடவிப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தூக்கியதும் என்ன நினைத்தாளோ, அந்தக் கரகரத்த குரலில் கத்தினாள்.

"என்னை விட்டுட்டுப் போகாதீங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள். பழகிப்போன சிரிப்பு, தானாக வந்தது.

வைசன் திரும்பிப் பார்த்து, "என்ன இருந்தாலும் அன்னிக்கு வெள்ளத்துல எஸ்நாட்டி அக்கா கத்தினது இன்னும் ஜோர்!" என்றான்.

எஸ்நாட்டி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். இப்போதும் சிரித்துவிட்டுப் போகலாம், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. டோலியில் மலித்தா அவள் பக்கம் காதைத் திருப்பிக் காத்திருந்தாள்.

"அன்னிக்குக் கத்தினது நான் இல்ல" என்றாள் எஸ்நாட்டி.

அவள் சொந்தக் குரல் மெலிந்து இருந்தது. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள். "டோலிக்குள்ள நான் வாயையே திறக்கல. கத்தினது பெரியம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சே பேசாம வந்தேன்."

சிரிப்பு நின்றது. ஜைலோசியின் முகத்தை எஸ்நாட்டியால் பார்க்க முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தவன் அவன். டோலி பாதியில் நின்றது.

"சரி, சொல்லிட்டா" என்றாள் மலித்தா. "என்னடா நிக்கிறீங்க? நடங்க. வெயில் சுடுது."

டோலி மேட்டை நோக்கிப் போனது, சபை அதன் பின்னால் போனது. எஸ்நாட்டி கடைசியாக நடந்தாள். யாரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை.