துளசிராம் அண்ணன் வெளியே வைத்த சிலிண்டர்

செய்தி வந்தபோது நான் கேலி பேசிவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் துளசிராம் அண்ணனோடு பழகியவர்களுக்கு விஷயம் புரியும். வண்டியூர்ப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருந்த மனிதர், வேலை முடியாத நாளில் வாடிக்கைக்காரர் யாராவது போன் செய்தால், தானே எடுத்துக் குரலை மாற்றி, "அவரு தவறிட்டாருங்க, நாளைக்குப் பேசுங்க" என்பார். அதனால் அவருடைய மருமகன் கூப்பிட்டு, "மாமா தவறிட்டாருண்ணே" என்றதும், "சரி மாப்ள, இன்னைக்கு எவனுக்கு டெலிவரி?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

பக்கத்து ஷெட்டில் நான் மெக்கானிக். கழற்றுவது என் வேலை. கடையில் கிடைக்காத சாமானைக் கடைந்து தருவது அவர் வேலை. நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வைதுகொண்டே பிழைத்தோம்.

அவரை நினைத்தால் எனக்குப் பேச்சியம்மாவின் ஜீப்தான் முதலில் வருகிறது. எழுமலையில் மலையடிவாரத்து மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பேச்சியம்மா. வண்டியைத் தானே ஓட்டுவார். ஏலத்தில் எடுத்த வெளிநாட்டு ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும், எந்த மேட்டிலும் ஏறும். ஒரே வியாதி, பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளுகிற கிளட்ச் சிலிண்டர். அதை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கூட்டுக்குள்ளே வைத்திருந்தார்கள். ஆயில் ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும். ஒரு வருடம் காய் பழுக்கிற நேரம் பார்த்து மறுபடி ஒழுகியது.

துளசிராம் அண்ணன் குனிந்து பார்த்தார். "மூக்குல சளின்னா தலையையா கழத்துவாய்ங்க? சிலிண்டரை வெளிய கொண்டாந்துருவோம் மாப்ள."

கியர்பாக்ஸை இறக்கிப் பட்டறைத் தரையில் வைத்தோம். கூட்டின் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி வெட்டினார். உள்ளே ஒரு நெம்புகோல், வெளியே அதைத் தள்ளுகிற புது சிலிண்டர், அதைத் தாங்க ஒரு இரும்புப் பிடி. பிடியை அவர் வெல்டிங் வைத்த அழகைப் பார்த்து, "இதுக்கு ஒரு மாலை போடுவோமாண்ணே?" என்று கேட்டேன். "உன் வாய்க்கும் ஒரு வெல்டிங் வைக்கவா?" என்றார்.

எல்லாவற்றையும் ஏற்றி மாட்டினோம். பேச்சியம்மா பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுக்கப் பார்த்தேன்; காற்று இருந்தால் அழுத்தம் நிற்காது. மிதித்து மிதித்து அவருக்குக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். பெடல் களியில் கால் வைத்த மாதிரி அமுங்கியது. கிளட்ச் வேலை செய்யவில்லை.

"சாமான் போலியாண்ணே?" என்றார் பேச்சியம்மா. "இந்த வாரம் காயை இறக்கலைன்னா நான் தோப்பை மறந்துற வேண்டியதுதான். பழுத்தா அது பாட்டுக்கு விழுந்துரும், உங்க வேலை முடியட்டும்னு மரத்துல தொங்கிக்கிட்டா இருக்கும்?"

துளசிராம் அண்ணன் வண்டிக்கு அடியில் போனார். தன் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொன்னது கேட்டது. எனக்கு அந்தப் பாஷை தெரியாது; வசவு என்று மட்டும் தெரிந்தது. வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சாமான் போலிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சியம்மா நம்பியிருப்பார். நானும் தலையாட்டியிருப்பேன்.

"சாமான் நல்ல சாமான், தாயி. கியர்பாக்ஸ் தரையில கவுந்து கிடந்துச்சு. நான் அப்படியே வச்சுப் பிடியை அளந்துட்டேன். காத்து மேல ஏறும், அது வெளிய போற வாய் கீழ இருக்கு. தப்பு என்னுது."

அதோடு நிற்கவில்லை. இரண்டே போல்ட்டைக் கழற்றி, சிலிண்டரைக் கையில் எடுத்து, வாய் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் ஒரு கிளாம்பால் அமுக்கி வைத்தார். "இப்ப மிதி" என்றார். காற்று புளுபுளுவென்று வந்தது. திரும்ப மாட்டியதும் கிளட்ச் வேலை செய்தது.

உள்ளேயே வைத்திருந்தால் இந்தத் தப்புக்கு மறுபடி கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும். வெளியே இருந்ததால் இரண்டு போல்ட்டோடு போயிற்று. நான் இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "நாம தப்புப் பண்ணுவோம்னு தெரிஞ்சுதானே மாப்ள வெளிய வச்சேன்."

"மாங்கா முடியவும் வா தாயி, பிடியைத் திருப்பி வச்சுத் தாரேன்" என்று பேச்சியம்மாவிடம் சொல்லி அனுப்பினார். காய் முழுக்க இறங்கியது. அவர் வரவில்லை.

செய்தி வந்த அன்று சாவு வீட்டுக்குப் பேச்சியம்மா அதே ஜீப்பில் வந்திருந்தார். "பிடி இன்னும் தலைகீழாத்தாண்ணே இருக்கு. ஓடுது" என்று என்னிடம் சொன்னார்.

துளசிராம் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: தப்பைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்வது, வாடிக்கைக்காரர் முன்னாலேயே "என்னுது" என்று சொல்வது. முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சாவு வீட்டு வாசலில் நானும் பேச்சியம்மாவும் பேசிக்கொண்டிருந்தபோது, சரிவில் நிறுத்தியிருந்த ஜீப் தானாக இறங்கிப் பந்தலுக்குள் வந்தது. அதன் ஹேண்ட் பிரேக்கை நாங்கள் யாரும் சரிபார்த்ததே இல்லை. பந்தல் கால் ஒன்று சாய்ந்தது. காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் சில உடைந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, ஜீப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, மீதி இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.