ஏழாவது ஏலக்காய்

தாயம்மா மதினி இன்று காலை போய்விட்டார். போடியில், மகள் வீட்டில்… காப்பி கேட்டிருக்கிறார். போட்டுக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளதைச் சொன்னால், நிம்மதிதான். போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே… அதனால்.

எழுதக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. போனில் ஒற்றை விரலால் அடிக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா மகன் பெருமாள் அண்ணனின் மனைவி அவர். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. பாடிக்கொண்டேதான் எடுப்பார். கூட எடுக்கிற பெண்கள் பின்பாட்டு.

அம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், அந்தப் பாட்டை கிராமபோன் ரெக்கார்டாகப் போடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை… அவராகவே, சொந்தச் செலவில். அண்ணன் ஆர்மோனியம், நான் டோலக்கு. மூன்று பேரும் போடியில் ரயில் ஏறினோம்.

மெட்ராசில் ஒரு சின்ன ஸ்டுடியோ. "பாட்டு எவ்வளவு நேரம்மா?" என்று சவுண்டுக்காரர் கேட்டார்.

"வரிசை முடியுற மட்டுக்கும்ங்க" என்றார் மதினி.

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டத்தில் ஒரு வரிசைச் செடியை எடுத்து முடித்தால்தான் பாட்டும் முடியும். ரெக்கார்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான்.

கை சும்மா இருந்தால் மதினிக்குப் பாட்டு வராது. குந்தி உட்கார்ந்து, இல்லாத செடியில் காய் பறித்துக்கொண்டே பாட ஆரம்பித்தார். ஒரு செடி முடிந்ததும் அடுத்த செடிக்கு நகர்ந்தார்… அப்புறம் அதற்கடுத்தது… மைக் ஒரு மூலையில், மதினி கதவுப் பக்கத்தில்!

"அம்மா, எங்கம்மா போறீங்க?"

அந்தத் தடவை வீண். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பதிய முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

யோசனை சொன்னது நான்தான். என் மடியில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். இருந்த ஏழு காயையும் எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். பாட்டில் ஏழு அடி, நாலு வரி சேர்ந்தது ஒரு அடி. அடிக்கு ஒரு காய். ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு காயை எடுத்து மடியில் போட வேண்டும். காய் தீர்ந்தால் பாட்டு முடிந்தது… நகரவே வேண்டாம்.

"கொழுந்தனாருக்கு மண்டையில கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது."

"இருந்தா ஏன் டோலக்கு அடிச்சுட்டுத் திரியிறான்?" இது அண்ணன்.

சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பயம். கை தானாகப் போய் வரிசையின் கடைசிக் காயை எடுத்து வாயில் போட்டுவிட்டது. கடித்த பிறகுதான் உறைத்தது… அதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.

மதினி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அன்றைக்கு மாதிரி அவர் பாடி நான் கேட்டதே இல்லை. ஆறாவது அடி முடிந்து காயை மடியில் போட்டதும், கை அடுத்த காயைத் தேடித் தரையைத் தடவியது. காய் இல்லை. பாட்டை முடித்துவிட்டார்.

ஏழாவது அடியில்தான் கூட எடுக்கிற பெண்களின் பெயர்கள் வரும்.

ரெக்கார்டு வந்து சேர இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் வாடகை கிராமபோனை வைத்தோம். பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து தங்கள் பெயர் கேட்கப் போகிறதே!

ஆறு அடி பாடியது. அப்புறம் கிர்ர்… கிர்ர்… முள் மட்டும் உரசியது.

"எங்க பேரு எங்க தாயி?" என்று முன்னால் இருந்த ராக்கு கேட்டாள்.

"மறந்துட்டேன் ஆத்தா…"

"மெட்ராசுத் தண்ணி குடிச்சதும் எங்கள மறந்துட்டயாக்கும்!"

மதினி தலையைக் குனிந்துகொண்டார். நான் டோலக்கைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

அடுத்த நாளிலிருந்து தோட்டத்தில் அந்த அடியை மதினி இரண்டு தரம் பாடினார். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு தரம். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

அறுபது வருடத்துக்கு மேல் குறுகுறுத்தது…

செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். "மதினி, அந்த ஏழாவது காய நாந்தான் தின்னேன்."

இருமல் வரும்வரை சிரித்தார்.

"தெரியும்யா. பாடி முடிச்சுக் கண்ணத் தொறந்தா, ஒன் வாயிலருந்து கமகமன்னு வாடை. ஆர்மோனியமா தின்னுருக்கும்?"

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? ஒங்கண்ணன் ஒன்ன டோலக்கோட சேத்து ரயில்லருந்து தள்ளிருப்பாரு. அப்புறம் எனக்கு எவன் அடிப்பான்?"

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மலை ஏறி முடித்து, தலையில் இருந்த மூட்டையை இன்னொருவர் கைகொடுத்து இறக்கின மாதிரி இருந்தது.

"எழுதக் கத்துக்கிட்டயாமே. அந்த அடிய எழுதிப் போடு. அவளுக பேரு எங்கயாச்சும் இருக்கட்டும்" என்றார். அங்கேயே எழுதி வாசித்துக் காட்டினேன். "பவுனுக்கு முன்னாடி செல்லம்மா வரணும்யா, மாத்து" என்று திருத்தினார்.

இன்று சாயங்காலம் மதினியை எடுக்கிறார்கள். டோலக்கைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன்.

இதோ, போட்டுவிட்டேன் மதினி…

முன்ன போறா எங்க ராக்கு, முள்ள வெலக்கி வழி கொடுப்பா
பின்ன வாறா செல்லம்மா, பிந்தினவளக் கூட்டி வருவா
பவுனு மடி நெறஞ்சிருச்சு, பாத்து வாங்கடி வழுக்குது
வரிசை முடிஞ்சு போச்சு, வாங்கடி வீடு போவோம்

படிக்கிறவர்கள் இரண்டு தரம் படியுங்கள்.