பத்து விரலும் நீலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் முத்தியால்பேட்டையில் ஒரு சாயப் பட்டறையில் நூல் தோய்க்கும் வேலை எனக்கு. ஓட்டுச்சாவடிப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரருக்கு அதில் தீராத எரிச்சல். "ஓட்டு போடாதவங்கள சட்டம் போட்டு இழுத்துட்டுப் போவணும்" என்பார். "எங்க, இழுங்க பாக்கலாம்" என்பேன்.

அந்தத் தேர்தலன்று அவர் தொணதொணப்பு தாங்காமல் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று உள்ளே போனால், மேசையிலிருந்த வெளியூர் அதிகாரி என் இடது கையைப் பார்த்தார். ஏற்கனவே மை வைத்த விரலா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்கோ நகக்கண் வரை கருநீலம்.

"ஏம்மா, ஒரு தடவ போட்டது பத்தாதா? கள்ள ஓட்டு போட்டா ஜெயிலு, தெரியுமில்ல?"

வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. கூனிக் குறுகிப்போனேன். காலையில் ஓட்டுப் போட வந்த எங்கள் பட்டறைப் பெண்கள் நாலு பேர் ஏன் போடாமலே பட்டறைக்குத் திரும்பினார்கள், கேட்டதற்கு ஏன் காரணம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆத்திரம் தலைக்கேறியது. அதுவரை வேண்டாமென்றிருந்த ஓட்டைப் போடாமல் அங்கிருந்து நகர்வதில்லை என்று நின்றுவிட்டேன்.

இரண்டு கைகளையும் அவர் மூக்குக்கு நேரே விரித்தேன். "பத்து விரலும் நீலம், எண்ணிக்கோங்க. பத்து ஓட்டா போட்டேன்? இது எனக்குக் கஞ்சி ஊத்துற சாயம், சார். ஓட்டு போட்டவங்க பேர்ல பட்டியல்ல கோடு போடுவீங்களே, எம்பேர்ல போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க!"

புரட்டினார். கோடு இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "சரிம்மா, கோவிச்சுக்காத" என்று உள்ளே விட்டார். மை வைப்பவர் எங்கே வைப்பதென்று தவித்துவிட்டு, நீலத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்தார். நான் முத்திரையை அழுத்திய அழுத்தில் மேசை ஆடியது.

பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். "கைய மறைக்காதீங்கடி, நீட்டிக்கிட்டு வாங்க" என்று நாலு பேரையும் கிளப்பிக்கொண்டு திரும்பினேன். எங்களைக் கண்டதும் அதிகாரி ஒன்றும் கேட்காமல் பட்டியலை எடுத்தார். நாலு பேரும் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சாயந்தரம் வீட்டுக்காரர், "பாத்தியா, கட்டாயப்படுத்தினாத்தான் போற" என்றார்.

"வராதவங்கள அப்புறம் இழுக்கலாம்" என்றேன். "வந்தவங்கள மொதல்ல உள்ள விடச் சொல்லுங்க."